வெல்லத்துக்குப் பதில் அதிமதுரம்

நான் மாத்திரை போடாமலே போட்டதாகப் பொய் சொன்னேன் என்று என் மருத்துவக் கார்டில் எழுதியவர் நீங்கள்.

கம்பெனி டாக்டர் என்றால் ஆம்பூர் பக்கத்தில் பலர் இருக்கலாம். எங்கள் ஷூ கம்பெனிக்குப் புதன்கிழமைதோறும் பதினோரு மணிக்கு வந்து ஒரு மணிக்குப் போகிற உங்களைத்தான் சொல்கிறேன். ஆங்கிலத்தில் எழுதினீர்கள். எனக்குப் படிக்க வராது என்று நினைத்திருப்பீர்கள். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். "மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை, கேட்டால் எடுப்பதாகச் சொல்கிறார், இயந்திர வேலைக்குத் தகுதியில்லை." அந்த மூன்று துண்டு வாக்கியத்தைத் தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும். அதைத்தான் முதல் வரியில் சுருக்கமாகச் சொன்னேன்.

எனக்கு அழகாக எழுதத் தெரியாது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். இதில் என் தப்பும் இருக்கிறது. அதையும் எழுதுகிறேன்.

நான் ரஃபிங் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். ஷூவின் மேல்தோலைப் பாத வடிவக் கட்டையில் இழுத்து மாட்டிய பிறகு, அடியில் மடிந்திருக்கும் தோலைச் சொரசொரப்பாக்க வேண்டும். வழவழப்பாக இருந்தால் பசை பிடிக்காது, சோல் நிற்காது. சுழலும் கம்பிச் சக்கரத்தில் ஷூவை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, ஓரம் தாண்டாமல் தேய்ப்பதுதான் வேலை. அரை நூல் மேலே ஏறினால் ஷூ கழிவாகிவிடும். தேய்க்கும்போது தோல் மாவாகப் பறக்கும். உறிஞ்சுகிற குழாய் இருக்கிறது. பாதி உறிஞ்சும், பாதி நாங்கள் உறிஞ்சுவோம்.

தூசி வேலைக்கு வெல்லம் கொடுப்பது இந்தப் பக்கத்தில் பழக்கம். தொண்டையில் நிற்கிற தூசியை வெல்லம் இறக்கிவிடும் என்பார்கள். அது நிஜமா என்று யாரும் கேட்டதில்லை. காலை பத்தரைக்கு ஒரு தடவை, மத்தியானம் மூன்றரைக்கு ஒரு தடவை எவர்சில்வர் தட்டில் உடைத்த வெல்லம் வரும். கை கழுவாமலே ஆளுக்கு ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொள்வோம்.

பிறகு பிரிவில் ஒருவர் மாற்றி ஒருவருக்குச் சர்க்கரை நோய் வர ஆரம்பித்தது. முதலில் என் பக்கத்து மெஷினில் இருக்கிற ஆபாவுக்கு. எங்களில் மூத்தவர், அதனால் இந்துவோ கிறிஸ்தவரோ எல்லோரும் அவரை ஆபா, உருதுவில் அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். வெல்லத் தட்டு வந்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"எடுத்தா சுகர் ஏறுது, எடுக்கலன்னா தொண்ட அறுக்குது. இன்னா பண்ணச் சொல்ற என்ன?" என்பார்.

"மாஸ்க் போடு ஆபா."

"போட்டுக்கினு பேச முடியலடி. பேசலன்னா சுகர் இன்னும் ஜாஸ்தி ஆவுது."

நான் அப்போது பாதுகாப்புக் கமிட்டியில் பெண்கள் சார்பாக இருந்தேன். மாதம் ஒரு கூட்டம். டீ, பிஸ்கட், கையெழுத்து, அவ்வளவுதான். ஒரு கூட்டத்தில் நான்தான் எழுந்து சொன்னேன். வெல்லத்தை நிறுத்திவிட்டு அதிமதுரம் கொடுங்கள் என்று. இனிக்கும், சர்க்கரை ஏறாது, தொண்டைக்கு நல்லது. எங்கள் வீட்டில் இருமல் என்றால் அதிமதுரம்தான். பஜாரில் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். மேனேஜருக்கு யோசனை பிடித்துப்போனது. கை தட்டினார்கள். அந்தக் கமிட்டியில் எனக்கு யாரும் கை தட்டியது அன்று ஒருநாள்தான்.

உடம்பு சம்பந்தப்பட்ட எதுவானாலும் டாக்டர் கையெழுத்து வேண்டும் என்பது விதி. காகிதம் உங்களிடம் வந்தது. கொண்டுவந்தது நான். நீங்கள் படித்துவிட்டுச் சிரித்தீர்கள்.

"நாட்டு மருந்துதானே. ஒண்ணும் பண்ணாது" என்றீர்கள். கையெழுத்துப் போட்டீர்கள்.

ஒன்றும் பண்ணாத மருந்து என்று ஒன்று இருக்கிறதா என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டும். தொண்டைக்கு ஏதோ பண்ணுகிறது என்றால் வேறு எங்கேயும் ஏதாவது பண்ணும்தானே.

அதிமதுர டப்பாவை என் பொறுப்பில் விட்டார்கள். பிஸ்கட் டின் அளவு டப்பா. ஆளுக்கு ஒரு குச்சி. ஆபா மூன்று நாள் மென்றுவிட்டு நிறுத்திக்கொண்டார். "இத்த மென்னா எங்க வூட்டு ஆடு ஞாபகம் வருது. வாணாம் தாயே" என்றார். பலர் அரைக் குச்சியோடு சரி. நான் அப்படி இல்லை. நான் கொண்டுவந்த யோசனை, நானே மெல்லாவிட்டால் எப்படி? நாள் முழுக்க வாயில் ஒரு குச்சி இருக்கும். டப்பாவின் அடியில் தங்குகிற உடைந்த துண்டுகளையும் பொடியையும் தூக்கிப் போட மனசு வராமல் வீட்டுக்கு எடுத்துப்போய்க் கொதிக்க வைத்தேன். நன்றாக இருந்தது. தினமும் இரண்டு பிளாஸ்க் கொண்டுவர ஆரம்பித்தேன். கட்டை மாட்டுகிற மெஷினில் ஒருத்தி இருந்தாள். பேரணாம்பட்டுப் பக்கம், என்னைவிட ஆறு வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். அவளுக்கும் அந்தத் தண்ணீர் பிடித்துவிட்டது. எப்படிக் காய்ச்சுவது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

மூன்று மாதம் கழித்து வருடாந்திர மருத்துவச் சோதனை. முந்தின வருடம் எனக்கு ரத்த அழுத்தம் நூற்றிருபது, எண்பது. இந்த வருடம் நர்ஸ் இரண்டு தடவை பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, படிக்கட்டு ஏறி வந்தியா?" என்றாள். நூற்றெழுபது, நூற்றுப் பத்து.

உள்ளே போனேன். நீங்கள் நிமிர்ந்து பார்க்காமலே பேசினீர்கள்.

"எந்த ஊரு?"

"ஆம்பூர்தான் சார்."

"அப்ப கேக்கவே வேணாம். பிரியாணிய நிறுத்து. உப்பு, ஊறுகாய் நிறுத்து."

எங்கள் வீட்டில் பிரியாணி மாதம் ஒரு தடவை. எந்த டாக்டருக்கும் ஆம்பூர் என்றதும் பிரியாணிதான் ஞாபகம் வருகிறது. அங்கே மனுஷர்களும் இருக்கிறார்கள்.

மாத்திரை கொடுத்தீர்கள். போட்டேன். இறங்கவில்லை. இரண்டாவது மாத்திரை சேர்த்தீர்கள். இறங்கவில்லை. கால் வீங்குகிறது என்றேன். மூத்திரம் போகிற மாத்திரை சேர்த்தீர்கள். வீக்கம் கொஞ்சம் வடிந்தது. ஆனால் அதற்குப் பிறகுதான் கெண்டைக்காலில் இழுப்பு வர ஆரம்பித்தது. பஸ் படி ஏறும்போது தொடை கனத்தது. பால் பாக்கெட்டைப் பல்லால் கிழிக்க ஆரம்பித்தேன், விரலில் பிடிப்பு இல்லை. உங்களிடம் சொன்னேன்.

"வயசாவுதில்ல" என்றீர்கள். எனக்கு நாற்பத்திரண்டு.

அடுத்த புதன்கிழமை, "நீ மாத்திரை போடறியா இல்லையா?" என்றீர்கள்.

"போடறேன் சார்."

"போட்டா ஏன் இறங்கல?"

அதை நான்தான் உங்களிடம் கேட்க வேண்டும். நீங்கள் என்னிடம் கேட்டீர்கள்.

என் வீட்டுக்காரர் குடியாத்தத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். எதையும் கையில் காட்டினால்தான் நம்புவார்கள் என்று நினைக்கிறவர். தீர்ந்த மாத்திரை அட்டைகளை எல்லாம் ரப்பர் போட்டுக் கட்டிக் கொடுத்து அனுப்பினார். உங்கள் மேசையில் வைத்தேன்.

"காலி அட்டை காட்டினா? குப்பையில போட்டாலும் அட்டை காலியாத்தான் இருக்கும்" என்றீர்கள். வரிசையில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்காரருக்கு அதை நான் சொல்லவில்லை.

நானே ஒரு வழி சொன்னேன். தினமும் காலையில் நர்ஸ் எதிரில் முழுங்குகிறேன், அவர் குறித்துவைக்கட்டும் என்றேன். பதினைந்து நாள் அப்படிச் செய்தேன். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினேன், சின்னப் பிள்ளை மாதிரி. நர்ஸ் ஒரு நாளும் விடாமல் நோட்டில் எழுதினாள். பதினாறாவது நாள் நூற்றெண்பது. அந்த நோட்டை நர்ஸ் உங்கள் முன்னால் வைத்தாள். நீங்கள் அதைத் திறக்கவில்லை. நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். திறக்கவில்லை.

அந்த வாரமே என் கையிலிருந்து ஷூ பறந்தது. சக்கரத்தில் வைத்து அழுத்துகிறேன், கை கேட்கவில்லை. பிடி தளர்ந்ததும் சக்கரம் ஷூவைப் பிடுங்கிச் சுழற்றி எறிந்தது. ஆபாவின் காதுக்குப் பக்கத்தில் போய்ச் சுவரில் அடித்தது.

"அடியே! சாவடிக்கணும்னா சொல்லிட்டு அடி. கலிமா சொல்லிக்கவாவது டைம் குடு" என்றார் ஆபா. அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. கட்டையோடு சேர்ந்த ஷூ, தலையில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அன்றைக்குத்தான் அந்த வரியை எழுதினீர்கள். என்னை மெஷினிலிருந்து எடுத்து நூல் வெட்டுகிற மேசையில் போட்டார்கள். மூன்று மாதத்தில் தகுதி வராவிட்டால் வேலை இல்லை என்றார்கள். பத்து நாள் கழித்து அந்தப் பேரணாம்பட்டுக்காரி கார்டிலும் அதே வரி. அவளுக்கு நூல் வெட்டும் மேசையும் கிடைக்கவில்லை. சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரே பிரிவில் இரண்டு பேருக்கு ஒரே மாதிரி ஏறுகிறது, எந்த மாத்திரைக்கும் இறங்கவில்லை. இரண்டு பேரும் பொய்க்காரிகள் என்று முடிவு செய்ய உங்களுக்குப் பத்து நிமிடம் ஆகவில்லை.

நூல் வெட்டும் மேசையில் உட்கார்ந்திருப்பவர்களை மற்றவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பிரசவம் முடிந்து வந்தவர்கள், விரல் போனவர்கள், கண் மங்கியவர்கள் உட்காரும் இடம். என்னைப் பார்த்து, "மாத்திரைய ஒழுங்கா போட்டுட்டு வர வேண்டியதுதானே" என்று ஒரு லைன் லீடர் சொல்லிவிட்டுப் போனான். கார்டில் இருப்பது ரகசியம் என்பார்கள். கேன்டீன் வரைக்கும் தெரிந்திருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. கால் என்னுடையதாகவே இல்லை. வீட்டுக்காரர் தறிக்குப் போகாமல் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ரத்தத்தில் பொட்டாசியம் தரைமட்டத்துக்குப் போயிருக்கிறது, இதயம் நின்றிருக்கலாம் என்று சொல்லி அப்போதே படுக்கவைத்தார்கள்.

இரண்டாம் நாள் ஒரு டாக்டர் அம்மா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கையில் ரிப்போர்ட்.

"அல்டோஸ்டிரோன்னு ஒரு ஹார்மோன் இருக்கும்மா. உப்பைப் பிடிச்சு வைன்னு கிட்னிக்கு ஆர்டர் போடற ஹார்மோன். உங்க ரத்தத்துல அது கிட்டத்தட்ட இல்லவே இல்ல. ஆனா உங்க கிட்னி, அது மூட்டை மூட்டையா இருக்கற மாதிரி வேலை செய்யுது."

"அப்படின்னா?"

"ஆர்டர் போடற ஆள் லீவுல இருக்கார். ஆர்டர் மட்டும் வந்துக்கிட்டே இருக்கு. யார் போடறாங்கன்னு பாக்கணும்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "சாப்பாடு, காபி, டீ தவிர வேற என்ன எடுத்துக்கறீங்க? நாட்டு மருந்து, லேகியம், கஷாயம், எதுவானாலும் சொல்லுங்க."

இத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்.

"அதிமதுரத் தண்ணி குடிப்பேன்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எவ்வளவு?"

"ரெண்டு பிளாஸ்க்."

"வாரத்துக்கா?"

"தினத்துக்கு."

"ஞாயித்துக்கிழமைல ஒண்ணுதான் டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர், எனக்குச் சாதகமாகப் பேசுவதாக நினைத்து.

அந்த அம்மா சிரிக்கவில்லை. ஒரு காகிதத்தை எடுத்துப் படம் போட்டார். சாயங்காலம் மறுபடி வந்து விட்ட இடத்திலிருந்து சொன்னார். எனக்குப் புரிந்ததை என் பாஷையில் எழுதுகிறேன். தப்பிருந்தால் திருத்துங்கள், நீங்கள் படித்தவர்.

சிறுநீரகத்தில் ஒரு வகை செல்லுக்குள்ளே ஏற்பி என்று ஒரு பொருள் இருக்கிறது. ஆங்கிலத்தில் ரிசப்டர். அல்டோஸ்டிரோன் வந்து அதில் பொருந்தினால், இரண்டும் சேர்ந்து செல்லின் உட்கருவுக்குள் போகும். உடம்பில் எதைச் செய்ய வேண்டும் என்ற உத்தரவெல்லாம் இருக்கும் இடம் அது. அங்கே போய், உப்பை உள்ளே இழுக்கும் வாசல்களைச் செய் என்று உத்தரவைக் கிளப்பிவிடும். இது சுவிட்ச் போட்டதும் எரிகிற விளக்கு மாதிரி கிடையாது. மணிக்கணக்கு ஆகும். செல் சும்மா இருக்கும்போது பழைய வாசல்களைக் கழற்றிக் கழற்றி அழித்துக்கொண்டே இருக்குமாம். இந்த ஏற்பி கிளம்பினால் அந்தக் கழற்றும் வேலையையும் நிறுத்தி வைக்கும். புதியது வருகிறது, பழையது போகவில்லை. உப்பு சேர்கிறது, உப்போடு தண்ணீர் சேர்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. உப்பை வாங்கிக்கொள்ள விலையாகப் பொட்டாசியம் வெளியே போகிறது. அதனால்தான் என் கால் இழுத்தது, கை தளர்ந்தது.

இதில் ஒரு சிக்கல். கார்டிசால் என்று இன்னொரு ஹார்மோன் இருக்கிறது. எல்லோர் உடம்பிலும் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பது, அல்டோஸ்டிரோனைவிடப் பல மடங்கு அதிகம். அதற்கும் இந்த ஏற்பியில் அச்சுப்பிசகாமல் பொருந்துகிற உருவம். ஏற்பிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

"தெரியலன்னா எல்லாருக்கும் பிரஷர் வரணுமே?" என்று கேட்டேன்.

"அதான் கேள்வி" என்றார் டாக்டர் அம்மா. அவர் முகம் மலர்ந்தது. "ஏற்பிக்குப் பக்கத்திலேயே ஒரு நொதி, ஒரு என்சைம், உக்காந்திருக்கு. உள்ள வர்ற கார்டிசாலைப் பிடிச்சு லேசா உருவத்த மாத்திடும். மாத்தினது பொருந்தாது."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் தரம் தேறாத தோல் துண்டைச் சும்மா கூடையில் போட மாட்டார்கள். முதலில் நடுவில் ஒரு ஓட்டை குத்துவார்கள். கழித்த துண்டும் பார்வைக்கு நல்ல துண்டு மாதிரியே இருக்கும். எப்படியாவது தையல் லைனுக்குப் போய்விடும். தையல்காரிக்கு வித்தியாசம் தெரியாது, தைத்துவிடுவாள். ஓட்டை குத்திவிட்டால் எடுக்க மாட்டாள். அதற்கென்றே ஒரு ஆள் நாள் முழுக்கக் குத்துக் கருவியோடு உட்கார்ந்திருப்பார். இதைச் சொன்னேன்.

"அதேதான்" என்றார். "அதிமதுரத்துல இருக்கற சரக்கு, அந்த ஓட்டை குத்தற ஆளோட கையைக் கட்டிப் போட்டுடும்."

அவ்வளவுதான் விஷயம். கழித்த துண்டெல்லாம் தையலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆறு மாதம், தினமும் இரண்டு பிளாஸ்க். தைத்தவள் மேல் தப்பில்லை.

"நான் போட்ட மாத்திரை ஏன் கேக்கல?"

"ஒண்ணு ரத்தக் குழாயைத் தளர்த்தற மாத்திரை. அது கொஞ்சம் செஞ்சிருக்கும், ஆனா ஏறிக்கிட்டே இருக்கற உப்புக்கு முன்னாடி எடுபடல. இன்னொண்ணு, அல்டோஸ்டிரோனை வரவைக்கற மேல்நிலை ஹார்மோனைத் தடுக்கறது. உங்களுக்கு மேல எல்லாமே ஏற்கனவே அடங்கித்தான் இருக்கு. தூங்கறவனைக் கட்டிப் போட்டு என்ன பிரயோஜனம்? மூணாவது, மூத்திர மாத்திரை. அது பொட்டாசியத்தை இன்னும் கொஞ்சம் வெளிய தள்ளிடுச்சு."

"அப்ப நான் போட்டிருக்கேன்னு தெரியுதுல்ல?"

எதற்குக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. "நீங்க போட்டீங்க. ஒழுங்கா போட்டதாலதான் கால் இப்படி ஆச்சு" என்றார்.

நான் அழுதது அப்போதுதான். என் வீட்டுக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் வாங்க ஓடினார்.

பொட்டாசியம் கொடுத்தார்கள். அந்த ஏற்பியையே அடைத்து வைக்கிற மாத்திரை ஒன்று கொடுத்தார்கள். அதிமதுரத்தை நிறுத்தியதும் எல்லாம் மறுநாளே சரியாகிவிடாது என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓட்டை குத்துகிற கை அவிழ நாளாகும், சேர்ந்த வாசல்கள் கழல நாளாகும். வாரக்கணக்கு. அப்படித்தான் ஆனது. நாலாவது வாரம் நூற்றி முப்பது. ஆறாவது வாரம் மாத்திரையை எல்லாம் நிறுத்திப் பார்த்தார்கள். நூற்றிருபத்தி நாலு. அதற்குப் பிறகு ஏறவில்லை.

நான் வேலூரிலிருந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பேரணாம்பட்டுக்காரி வீட்டைத் தேடிப் போனேன். போன் எடுக்கவில்லை, நம்பர் மாறியிருந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரு மைல் நடக்க வேண்டும். என் கால் அப்போதும் முழுக்கச் சரியாகவில்லை, இரண்டு இடத்தில் உட்கார்ந்து போனேன். அவள் வீட்டு வாசலில் பீடி இலையை நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெட்டினாள். பக்கத்தில் சொம்பு.

"வாக்கா. இன்னா இவ்ளோ தூரம்? உக்காரு. உன் தண்ணிதான் போட்டு வச்சிருக்கேன், குடி" என்றாள்.

அந்தச் சொம்பைத் தூக்கிக் கொட்டினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, கோபம் வந்தது. "இன்னாக்கா, வூட்டுக்கு வந்து இப்டி பண்ற?" என்றாள். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டை குத்துகிறவர் வரைக்கும் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒரே கேள்வி.

"அப்ப டாக்டரு எங்கிட்ட மன்னிப்பு கேப்பாரா?"

"முதல்ல நான் கேக்கறேன்" என்றேன். கேட்டேன். அவள் "வுடுக்கா" என்றாள். விடவில்லை, கைப்பிடித்துக் கேட்டேன். அவளை வேலூருக்கு அனுப்பிவைத்தேன். அவளுக்கும் இறங்கிவிட்டது.

அவள் வீட்டுக்குப் போன அதே வாரம் புதன்கிழமை வேலூர் கடிதத்தோடு உங்கள் அறைக்கு வந்தேன். நீங்கள் படித்தீர்கள். முழுக்கப் படித்தீர்கள், அதற்கு நன்றி. பிறகு சொன்னீர்கள்.

"அதிமதுரம் வேணும்னு கமிட்டியில கேட்டது நீதானே?"

"நான்தான் சார். சரின்னு கையெழுத்துப் போட்டது நீங்க."

"பெரிசு பண்ணாத. டப்பாவ எடுத்துடச் சொல்றேன். நீ ஃபிட்டுன்னு எழுதித் தர்றேன், மெஷினுக்குப் போ."

"பழைய வரி?"

"அது ரெக்கார்டு. அழிக்க முடியாது."

ஒரு மாதம் போய்க் கையில் பிடிப்பு வந்ததும் மெஷினுக்குப் போனேன். அதிமதுர டப்பா காணாமல் போனது. ஏன் போனது என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. அறிவிப்புப் பலகையில் ஒரு வரி இல்லை. வெல்லத் தட்டு திரும்பி வந்தது. ஆபா திரும்பவும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உறிஞ்சும் குழாய் அப்படியேதான் இருக்கிறது. பிரிவில் எல்லோருக்கும் நானே மெஷின் மெஷினாகப் போய்ச் சொன்னேன், இது என் யோசனை, என் யோசனை கெடுதல் செய்தது, வீட்டில் வைத்திருந்தால் அளவில்லாமல் குடிக்காதீர்கள் என்று. சிலர் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பேரணாம்பட்டுக்காரி வேறு இரண்டு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனாள். பழைய இடத்து மருத்துவக் கார்டின் நகல் கேட்டார்கள். கொடுத்தாள். இரண்டு இடத்திலும் கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கட்டை மாட்டுவதில் எங்கள் பிரிவில் அவளைவிடக் கைவேகம் யாருக்கும் இல்லை. இப்போதும் இலை நறுக்குகிறாள்.

நான் அழிக்கச் சொல்லவில்லை. ரெக்கார்டு என்றால் இருக்கட்டும். அதற்குக் கீழே இன்னொரு வரி எழுத உங்கள் பேனாவில் மை இருக்கிறது. எழுதுவதற்கு முன்னால் வாயால் சொல்ல வேண்டும். உங்கள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் சொல்ல வேண்டாம். கேன்டீனில், சாப்பாட்டு நேரத்தில், எங்கள் பிரிவு முழுக்க உட்கார்ந்திருக்கும்போது வந்து நில்லுங்கள். அவளையும் நான் கூட்டிவருகிறேன். நான் எழுந்து நின்று என் தப்பை முதலில் சொல்கிறேன். பிறகு நீங்கள் சொல்லுங்கள். எங்களில் ஒருத்தியிடமாவது, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டீர்களா? நர்ஸ் வைத்த நோட்டை ஏன் திறக்கவில்லை? அந்தப் பெண் பொய் சொன்னாள் என்று இன்றைக்கும் நினைக்கிறீர்களா, இல்லையா?

பதில் சொல்லுங்கள், கடைசி மேசையில் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி.